முதல் எதிரி சிக்னல்தான்

'எல்டன் ரிங்' வீடியோ கேமை ஆடிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் ஏற்காட்டு மலையின் வெள்ளக்கடைத் தம்பிக்கு முதல் எதிரி ஆட்டத்துக்குள் இல்லை. கணினியில் குறைந்தது 12 ஜிபி ராம், 60 ஜிபி இடம் வேண்டும். ஆட்டத்தை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும்; மலையில் மழை பிடித்தால் சிக்னல் என்ன பாடுபடும் என்பது அவருக்கே தெரியும். சேலத்து நண்பர் வீட்டில் மடிக்கணினியை வைத்து இறக்கிக்கொண்டு வருவது உத்தமம்.

மற்றபடி, இந்த ஆட்டம் மிகக் கடினம் என்ற பயம் கொஞ்சம் மிகை. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2022 பிப்ரவரியில் வெளியான இதில் 'எளிது', 'கடினம்' என்ற தேர்வே கிடையாது. செத்தால், சேர்த்த ரூன்கள் (ஆட்டத்துக்குள் காசு மாதிரி) விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. ஆனால் இயக்குநர் ஹிடேடகா மியாசாகி மாற்று வழிகளையும் வைத்திருக்கிறார். வெளியுலகில் கால் வைத்ததும் தென்படும் குதிரை வீரனோடு மோதாமலே நழுவலாம். கோட்டை வாசலில் மார்கிட் என்ற பெரிய எதிரி அடித்துத் துரத்தினால், கோட்டையைச் சுற்றிக்கொண்டு அப்பால் போக ஒரு பாதை உண்டு. ஏற்காட்டுக்குப் போகும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் பிடிக்காதவர்கள் குப்பனூர் வழியாக ஏறுவதில்லையா, அப்படித்தான்.

பரீட்சை நெருங்கியவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் துணியலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எரிச்சல் மட்டுமே மிஞ்சுகிறதென்றால் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.