தொடை சொல் கேட்காத நாட்கள்

சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதை அழுத்து என்று தொடைக்குச் சொல்கிறேன். கேட்கவில்லை. நல்ல காலில் நினைத்த மாத்திரத்தில் தசை திரண்டு, முட்டிச்சில்லு மேலே ஏறுகிறது. ஜவ்வு கிழிந்த காலில் விரல் வைத்துப் பார்த்தால் தசை தொளதொளவென்று கிடக்கிறது.

*

தசையில் காயமில்லை. முட்டிக்குள் நீர் கோத்திருக்கிறது. அந்த வீக்கம் தண்டுவடம் வழியாகத் தொடைத்தசையை அடக்கி வைக்கிறது. நல்ல முட்டிக்குள் உப்புநீர் ஏற்றி 1984இல் சோதித்தபோது, 20, 30 மி.லி.யிலேயே தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்களவுதான். அதற்கா இத்தனை பெரிய தசை கட்டுப்படுகிறது!

இதை உடம்பின் புத்தி என்பதா, பயம் என்பதா? அடிபட்ட மூட்டுக்கு வேலை வைக்காமல் பார்த்துக்கொள்கிறது, சரி. ஆனால் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் தசை நிஜமாகவே சூம்பிவிடும். அதனால்தான் ஐஸ் ஒத்தடம், பிறகு துண்டு. அழுத்தி, ஐந்து எண்ணி, விட வேண்டும். எண்ணிக்கையில் மனம் போனால் தசை நழுவுகிறது, தசையில் மனம் நின்றால் எண்ணிக்கை தப்புகிறது. எண்ணிக்கை தப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

*

பக்கத்துப் பாயில் ஒரு கபடிப் பையன். ரைடு போய்த் திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொண்டது. "ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சிரும்ணே. அதுக்கு முன்னாடி எதுக்கு இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. அடிபட்ட முதல் வாரத்திலேயே ஆபரேஷன் செய்தவர்களில் பலருக்கு முட்டி இறுகிப்போனதை அமெரிக்காவில் டாக்டர் ஷெல்போர்ன் 1991இல் எழுதினார். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீளும்வரை பொறுப்பது அப்போதிருந்து பரவியது. ஆபரேஷனுக்கு முன் அடிபட்ட காலின் தொடைபலம் மற்றதைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், இரண்டு வருடம் கழித்தும் அந்தக் குறை தெரிகிறது என்று நார்வேக்காரர்கள் 2009இல் கண்டார்கள். ஜவ்வை டாக்டர் வைத்துத் தருவார். தொடையை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

சுவீடனில் நடந்த ஒரு சோதனையைப் பையனிடம் சொல்லவில்லை. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று விடப்பட்ட 59 பேரில், இரண்டு வருடத்தில் 23 பேருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஐந்து வருடத்தில் அது பாதிப் பேரானது. தொழில்முறை ஆட்டக்காரர்களை அதில் சேர்க்கவில்லை. ஸ்கூட்டரோடு சறுக்கிய என்னைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு அது. நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

*

ஆபரேஷன் தேதி கேட்கப் பையன் போனான். டாக்டர் காலண்டரைப் பார்க்கவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே தூக்கச் சொன்னாராம். குதிகால் எழும்பியதும் முட்டி லேசாக மடங்கியிருக்கிறது. மடங்காமல் தூக்க வந்தபிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து என்னிடம் அரைமணி நேரம் அவரைத் திட்டினான். தலையாட்டிக்கொண்டே கேட்டேன், மனசுக்குள் டாக்டர் பக்கம்தான்.