உரியவர் இல்லாப் பொருள் உண்டோ?

பிறர் பொருளைக் கவர்தல் குற்றம் என்பதனை நாம் இளமையிலேயே கற்கிறோம். திருவள்ளுவரும் கள்ளாமை என்று தனியோர் அதிகாரம் வகுத்து அறிவுறுத்தினார். ஆயினும் ஓர் ஐயம் எழுதல் கூடும். உரியவர் என எவரும் முன்வராத ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதுவும் களவாகுமோ? இழந்தவரும் இல்லை, வருந்துபவரும் இல்லை எனில், குற்றம் எங்கே இருக்கிறது? இவ்வினாவை எனக்கு எழுப்பியது நூலன்று. என் மேசைமேல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த ஒரு சிறு கல்லே எழுப்பிற்று.

1979ஆம் ஆண்டு. இளம் ஆசிரியனாக இருந்த நான், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஜொகூரிலிருந்து ஈப்போவுக்குச் சென்றேன். இன்றைய விரைவு நெடுஞ்சாலை அன்று இல்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைப் பழைய சாலையில் இரவெல்லாம் பேருந்தில் கடந்தோம். பொழுது விடிந்தபோது, ஈயத்தால் செழித்த கிந்தா பள்ளத்தாக்கின் சமவெளியில், வெண்பாறைச் சுவர்களோடு செங்குத்தாக எழுந்து நின்ற மலைகளைக் கண்டு மாணவர் ஆரவாரித்தனர். கல்லுமலையில் முருகனை வணங்கினோம். 1926இல் தோற்றுவிக்கப்பெற்ற பேராக் தோங் குகைக் கோயிலில் சீனர்தம் சுவரோவியங்களைக் கண்டு வியந்தோம்.

பின்னர், நகர்ப்புறத்தே கோயில் எதுவும் அமையாத ஒரு குகையினுள் நுழைந்தோம். கைவிளக்கின் ஒளியில், கூரையிலிருந்து ஆலம் விழுதுகள் போலக் கல்விழுதுகள் தொங்கின. ஒன்றின் நுனியில் நீர்த்துளி ஒன்று விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் அழகில் மயங்கிய நான், கைநீட்டி அந்நுனியை ஒடித்தேன். விரல் நீளத் துண்டு எளிதாகக் கையோடு வந்தது. சட்டைப்பையில் இட்டுக்கொண்டு திரும்பினால், மாணவர் மூவர் ஆளுக்கொன்றை ஒடித்துக்கொண்டிருந்தனர். தடுக்க நாவெழவில்லை. எவ்வாறு எழும்?

அக்கல் நெடுங்காலம் என் மேசையில் தாள்களின்மேல் பாரமாக இருந்தது. பணி ஓய்வு பெற்றபின், கோப்பெங் அருகேயுள்ள குவா தெம்புரோங் குகையைக் காணச் சென்றேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் குகை உருவாகும் முறையை விளக்கினார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அந்நீர் குகையின் கூரையில் கசிந்து துளிக்கும்போது, கரைந்த சுண்ணாம்பில் ஓர் அணுவளவை அங்கே படியவிட்டு விழுகிறது. இவ்வாறு ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்களவே விழுது வளர்கிறது. இடத்திற்கு இடம் இக்கணக்கு வேறுபடலாம். எனினும் நான் ஒடித்த விரல் நீளம் உருவாகச் சில நூற்றாண்டுகள் சென்றிருக்கும். கைபட்டால் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டி வளர்ச்சியே நின்றுவிடவும் கூடும் என்றார் அவர்.

“ஒடிந்ததை மீண்டும் ஒட்டவைக்க இயலுமா, தம்பி?” என்று கேட்டேன். “ஒட்டலாம் ஐயா, ஆனால் அது வளராது” என்று விடையளித்தார்.

அன்று என் ஐயம் தெளிந்தது. அக்கல்லுக்கு உரியவர் அங்கே இல்லாதிருந்தது உண்மையே. அவர்கள் இன்னும் பிறக்கவில்லை என்பதே அதன் காரணம். வாய்விட்டு முறையிட இயலாதவரிடமிருந்து எடுத்தமையாலேயே அது களவாகாது போய்விடுமோ? காவலில்லா வீட்டில் திருடுவதைவிட இழிந்தது அது என்றே கருதுகிறேன்.

நம்முன் வாழ்ந்தோரை எண்ணிப் பார்ப்போம். ஈப்போவை அடுத்த தம்புனில், பாறை முகப்பொன்றில் செங்காவி நிறத்தில் விலங்குகளும் மனித உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. 1959இல்தான் அவை உலகோர் கவனத்திற்கு வந்தன. பேராக் மாநிலத்தின் வடபால் லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குகையொன்றில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அடக்கம் செய்யப்பட்ட மனிதர் ஒருவரின் எலும்புக்கூடு 1991இல் கண்டெடுக்கப்பட்டது. அம்மக்கள் குகைகளில் உறங்கினர், உண்டனர், இறந்தோரைப் புதைத்தனர். பயன்படுத்தினார்கள், ஆனால் பாழாக்கவில்லை. அதனாலேயே நமக்கு அவை கிட்டின.

‘நாம் வாழும் வீடும் கற்பிக்கும் பள்ளியும் சிமெண்டால் ஆனவை. சிமெண்டோ சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிறது. மலையைத் தொடாமல் வாழ்வது எவ்வாறு?’ என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான வினா இது. தேவைக்கு எடுத்தலை அறம் முற்றாக விலக்குவதில்லை. ஆனால் தேவைக்கும் ஓர் எல்லை உண்டு. ஈப்போவின் வடக்கேயுள்ள குனோங் காந்தான் மலையில் வாழும் சின்னஞ்சிறு நத்தை ஒன்றை ஆய்வாளர் 2014இல் உலகிற்கு அறிவித்தனர். வேறெங்கும் அதுகாறும் காணப்படாத அந்நத்தைக்கு, அம்மலையில் அப்போது கல்லுடைத்துவந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். ஓர் உயிரினத்தின் வாழ்வு ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பதை உலகம் உணரவேண்டும் என்பதே அவர்தம் கருத்து. ஒரு மலை அழிந்தால் அதனோடு ஓர் இனமே அழியக்கூடும் எனில், வேறு மலை உண்டா, வேறு வழி உண்டா என்று வினவுவது நம் கடனாகும்.

என் செயலுக்கோ அத்தகைய தேவை எதுவும் இருந்ததில்லை. வெறும் ஆசையே இருந்தது. அதனினும் என்னை வருத்துவது, அம்மூன்று மாணவரின் கைகள். ஒழுக்கத்தைப் பற்றி நான் வகுப்பில் உரைத்தவை அவர்கட்கு மறந்திருக்கலாம். ஆசிரியர் ஒடித்தார், ஆதலின் ஒடிக்கலாம் என்று அன்று கற்றது மறந்திருக்குமோ? ஆசிரியர் வாயால் கற்பிப்பது சிறிது, கையால் கற்பிப்பது பெரிது.

இப்பொழுது அக்கல் என் மேசைமேல் இல்லை. மாணவரிடையே பேச எவரேனும் அழைத்தால், அதனை உடன் கொண்டுசென்று அவர்கள் கையில் கொடுக்கிறேன். அது எவ்வாறு என்னிடம் வந்தது என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். இழந்த நூற்றாண்டுகளை அது மீட்டுத் தராது என்பதை அறிவேன். எனினும், நாளை ஒரு குகையில் நிற்கும் ஓர் இளங்கை நீளும்முன் சற்றே தயங்குமாயின், என் கடனில் ஒரு துளியேனும் தீர்ந்ததாகக் கொள்வேன்.