கட்சிக்காரர் இல்லாத பக்கம்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில் திருமயம் குன்று வருகிறது. உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள்: ஒன்றில் சத்தியகிரீசுவரர், மற்றொன்றில் சத்தியமூர்த்திப் பெருமாள். ஒரே பாறையைப் பங்கிட்டுக்கொண்ட சைவர்களுக்கும் வைணவர்களுக்கும் இடையே மூண்ட சண்டையை 1245ஆம் ஆண்டு ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் கூடிய சபை தீர்த்துவைத்தது. அந்தத் தீர்ப்பு கல்வெட்டாக இன்றும் அங்கே இருக்கிறது. அது பேசுவது வருவாயின் பங்கையும் எல்லையையும்தான். எந்தக் கடவுள் பெரியவர் என்ற கேள்விக்குள் சபை போகவில்லை. அதனால்தான் இரண்டு சன்னதியிலும் இன்றுவரை விளக்கு எரிகிறது.

ஆனால் அந்தப் பாறைக்கு இன்னொரு கதையும் உண்டு. குடுமியான்மலையில் இருப்பதைப் போன்ற பழைய இசைக் கல்வெட்டு ஒன்று திருமயத்திலும் இருந்திருக்கிறது. அதன் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் சமரசத் தீர்ப்பை அங்கே பொறித்தார்கள் என்பது கல்வெட்டு ஆய்வாளர்கள் சொல்வது. சைவருக்காகப் பேச ஆள் இருந்தது, வைணவருக்காகப் பேச ஆள் இருந்தது. இசைக்காகப் பேச ஒருவரும் இல்லை.

பிறருக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் உண்மைக்கும் என்ன உறவு என்பது மிகப் பழைய தத்துவக் கேள்வி. வழக்கறிஞர்கள் சச்சரவை வளர்க்கிறார்கள் என்று காந்தி 1909இல் 'இந்து சுயராஜ்'ஜில் கடுமையாகவே எழுதினார். அவரே வழக்கறிஞர் என்பதால் அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிவிட முடியாது. இதற்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே ஒரு பதில் உண்டு. சித்தன்னவாசலில் கற்படுக்கைகளில் தவமிருந்த சமணர்களின் மரபு அநேகாந்தவாதம் பேசியது. பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்தைச் சொல்வது பொய்யாகாது. அந்த ஒன்றையே முழு உண்மை என்று சாதிக்கும்போதுதான் பிழை பிறக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு தரப்பை மட்டும் வாதிடும் வக்கீல் உண்மைக்குத் துரோகம் செய்யவில்லை, எதிர்த் தரப்புக்கும் ஒருவர் எழுந்து பேசும்வரை. மன்றத்தில் இடமே கிடைக்காத தரப்பு என்ன ஆவது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த மாவட்டத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞரின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எஸ். சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19இல் அதே திருமயத்தில் பிறந்தவர். ஊர்ப் பெருமாளின் பெயர். புதுக்கோட்டையிலும் சென்னையிலும் படித்து, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகி, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆனால் அவர் வாதத்தின் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடந்தது. 1919இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் லண்டன் போனார். 1923இல் சென்னைச் சட்டமன்றம், பிறகு மத்திய சட்டசபை, 1939இல் சென்னை மேயர். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர். காமராஜரை அரசியலில் வளர்த்தவர். சிறைவாசங்களால் உடல் தளர்ந்து 1943 மார்ச் 28இல் மறைந்தார்.

பேச்சுரிமைக்காக அவர் வாதிட்டவற்றில் தலையாயது பாரதியின் பாட்டு. பாரதி இறந்து ஏழாண்டு கழித்து, 1928இல், பர்மா அரசு அவர் நூல்களைத் தடை செய்ய, சென்னை அரசும் அதைப் பின்பற்றிப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். அவையில் அந்தப் பாட்டுகளின் பெருமையை எடுத்துச் சொன்னார். தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. செத்துப்போன கவிஞன் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது. சத்தியமூர்த்தி தானாக எழுந்து நின்றார். அந்த நாளுக்காகத் தமிழ் அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறது.

அதே அவையில், அதே ஆண்டுகளில், இன்னொரு புதுக்கோட்டைக்காரர் இருந்தார். முத்துலட்சுமி ரெட்டி சத்தியமூர்த்தியைவிட ஒரு வயது மூத்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பெண் என்பதற்காக எதிர்ப்பு எழுந்தபோதும் மன்னரின் அனுமதியால் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, டாக்டராகி, சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் துணைத் தலைவருமானார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி கோயில் வழக்கத்தையும் கலையையும் முன்னிறுத்தி அந்த முயற்சியை எதிர்த்தார்.

இங்கே அவசரப்பட்டு ஒருவரை வில்லனாக்குவது நியாயமில்லை. பொட்டுக் கட்டப்பட்ட தேவதாசிகளிலேயே ஒரு பகுதியினர் அந்த முயற்சியை எதிர்த்து மனு கொடுத்தார்கள். கலை போய்விடும், வாழ்வாதாரம் போய்விடும் என்ற அவர்கள் அச்சம் பொய்யானதல்ல. சத்தியமூர்த்தி ஒரு பக்கத்தின் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் பொட்டுக் கட்டப்படவிருந்த ஏழெட்டு வயதுச் சிறுமி மனு எழுதவில்லை, எழுதவும் முடியாது. பாரதிக்காகத் தானாக எழுந்தவர் அவளுக்காக எழவில்லை என்பது அவர் வாழ்க்கையின் பெரிய குறையாகவே படுகிறது. அவளுக்காகப் பேசியவர் முத்துலட்சுமிதான். சட்டம் 1947இல் வந்தது. அதற்கு நான்காண்டு முன்பே சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார்.

உச்ச நீதிமன்றம் போன்ற மேல் மன்றங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே பெரும்பாலும் சாட்சிக் கூண்டு இல்லை, அழுகிற தாய் இல்லை, காயத்தைக் காட்டுகிறவன் இல்லை. கட்டுக்கட்டாய்த் தாள்களும் வழக்கறிஞர்களின் குரலும் மட்டுமே. கட்சிக்காரர்களே அங்கே வெறும் பெயராகிவிடுகிறார்கள் என்றால், கட்சிக்காரராகவே சேர்க்கப்படாதவர்கள் எங்கே போவார்கள்?

அந்தக் கேள்விக்கு வருமுன், பிறருக்காகப் பேசுவதன் அறத்துக்குக் குடியரசின் முதல் ஆண்டிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். மறுமாதம் முதல் தேதி, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை அரசு மாநிலத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதிட்டவர் சி.ஆர். பட்டாபிராமன், சர் சி.பி. ராமசாமி ஐயரின் மகன்; பின்னாளில் காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினரும் மத்திய அமைச்சருமானவர். கம்யூனிசத்துக்கும் அவருக்கும் ஒட்டோ உறவோ கிடையாது. மே 26இல் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தடையை நீக்கியது. தனக்குப் பிடிக்காத கருத்துக்கு வாய் கொடுப்பதில் இருக்கும் அறம் எதுவென்று அந்த வழக்கு காட்டுகிறது. பட்டாபிராமன் இதழின் கொள்கை சரியென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசகன் அதைப் படித்துப் பார்க்கட்டும் என்று சொன்னால் போதும்.

நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து வந்த வழக்கு இதைவிட முள் நிறைந்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட 'நக்கீரன்' முனைந்தது. அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பையும் அவன் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்டது. சிறைத் துறை வெளியீட்டைத் தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7இல் வந்த தீர்ப்பு, அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை, அவதூறு என்றால் வெளிவந்த பின் வழக்குப் போடட்டும் என்றது. அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதை யாரும் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையை எழுத அவர் சம்மதம் வேண்டும் என்றும் வரையறுத்தது.

பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றியாக இந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் அதிலுள்ள ஒரு விதிவிலக்கை அதிகம் பேசுவதில்லை. பாலியல் வன்கொடுமைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர், பதிவேட்டிலேயே இருந்தாலும் வெளியிடப்படக் கூடாது என்றார்கள் நீதிபதிகள். வழக்கு ஆசிரியருக்கும் அரசுக்கும் இடையில். பாதிக்கப்பட்ட பெண் எவரும் அதில் மனுதாரர் இல்லை, எதிர்மனுதாரரும் இல்லை. இரண்டு தரப்பின் வாதத்தோடு நின்றிருக்கலாம். நீதிபதிகள் மன்றத்தில் இல்லாத ஒருத்திக்கும் இடம் ஒதுக்கினார்கள். தத்துவமாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் உயரம் இதுதான். சட்டம் முழு உண்மையைக் கண்டுவிடாது. தன் கண்ணுக்குத் தெரியாத பக்கமும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டால் அதுவே பெரிய நேர்மை.

இது பழங்கதையாகிவிடவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது வெளிப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைக் கண்டார். அதுவரை உள்ளே விடப்படாத மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப்போனார். உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டாண்டுக்குப் பின், 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. போலீசார் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தலித் மக்களில் மூவர் மீதே குற்றம் சாட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. பல கட்சிகளும் ஏற்கவில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். யார் செய்தார்கள் என்பதைச் சாட்சியங்களை வைத்து நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளின் சார்பில், ஒவ்வொரு வாய்தாவுக்கும், ஒவ்வொரு மேல்முறையீட்டிலும், வேறு எந்தக் கட்சிக்காரரும் இல்லாத ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்க வேண்டும். திருமயத்துக்காரர் பாரதிக்காக எழுந்தது போல, அதற்கு யாரும் வக்காலத்துக் கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.