தனியே நடக்கப் புறப்படும் முதுமை

"கதிர்காமத்துக்கு நடந்து போகப் போகிறேன். ஒருவரும் கூட வரத் தேவையில்லை." 65 வயதைத் தாண்டிய தகப்பனோ தாயோ இப்படிச் சொன்னால் எமது வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். சலரோகம் இருக்கிறது, முழங்கால் நோகிறது, சனம் என்ன சொல்லும் என்று பிள்ளைகள் மறிப்பார்கள். மறிப்பது பாசமா, பயமா? போவது பக்தியா, பிள்ளைகளைத் தவிக்க விடும் தன்னலமா? நாம் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தை முருகனை அடைகிறது. அதன்பின் குமுக்கன் ஆற்றைக் கடந்து யாலைக் காட்டினூடாகச் சென்றால் மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமம். 500 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். ஒரு மாதத்துக்கு மேல் நடக்க வேண்டும். போரினால் பல ஆண்டுகள் குலைந்திருந்த இந்த யாத்திரை 2009 இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் தழைத்தது. யானையும் கரடியும் திரியும் காட்டுப்பாதை, ஆடித் திருவிழாவை ஒட்டிக் குறித்த சில நாட்களுக்கே திறக்கப்படும். வெயிலும் கடுமை. ஆகவே பிள்ளைகளின் அச்சம் பொய்யான அச்சமன்று.

அந்த அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. எம்மில் பலருக்கு நெடுந்தூர நடை என்றால் இடப்பெயர்வுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. வயதானவர்களைக் கையில் பிடித்தும் சைக்கிளில் ஏற்றியும் கொண்டு போனோம். விருப்பமா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. பின்னர் வெளிநாட்டுக்கு வந்தபோதும், எங்கே இருப்பது, யாருடன் இருப்பது என்பதைப் பெரும்பாலும் மற்றவர்களே தீர்மானித்தார்கள். அப்படியானால், ஒரு முதியவர் தானாகத் திசையைத் தெரிந்து எடுத்து வைக்கும் முதல் அடி இதுவாகவும் இருக்கலாம். மறிக்குமுன் நாம் இருமுறை யோசிக்க வேண்டாமா?

"பிள்ளைகள் இருக்கும்போது தனியே போவதா?" என்பது அடுத்த கேள்வி. இந்தப் பாதையில் தனிமை என்பது வீட்டாரைத் துணைக்கு அழையாமை மட்டுமே. வழியில் அடியார் கூட்டங்கள் உண்டு. காட்டுக்குள் கூட்டத்தோடுதான் போக வேண்டும். அங்கே ஒருவரை ஒருவர் "சாமி" என்றே அழைப்பர். பட்டமும் பதவியும் செல்லாது. வழியில் ஊர்ச்சனம் கொடுக்கும் சோறும் மோரும்தான் சீவியம்.

வாங்குவது எமக்குக் கடினமான காரியம். எம்மைப் போலக் கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பதிவைத் தேடுவோம். அகதிகளாக வந்தவர்கள், பெற்ற உதவியை விரைவில் தீர்த்துத் தலைநிமிர வேண்டும் என்றே உழைத்தோம். ஆனால் வெருகலில் ஒரு தாய் வார்க்கும் செம்புத் தண்ணீரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வாழ்க்கையின் பெரிய கடன்கள் எல்லாம் இப்படியானவையே. கொடுத்தவரிடம் அவற்றைத் தீர்க்க முடியாது. அடுத்து வருபவருக்குத்தான் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று முதுமையில் வருந்துபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், அப்பர் சுவாமிகள் தள்ளாத வயதில் கயிலைக்குப் புறப்படுகிறார். காசியில் உடன்வந்தோரை விட்டுத் தனியே செல்கிறார். கால் தேய்ந்தபின் கையாலும் மார்பாலும் ஊர்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. ஆனால் கயிலைக் காட்சியை அவர் கண்டது இமயத்திலன்று. குளத்தில் மூழ்கி எழுந்த திருவையாற்றிலே. இறைவன் அடியவரின் உறுதியையும் மதித்தான், உயிரையும் காத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே இரு பக்கமும் கடமை உண்டு. போகிறவர் வைத்தியரைக் கண்டு, குளிசைகளையும் கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு, உடம்பு முடியாவிட்டால் பஸ் ஏறவும் சம்மதித்தே புறப்பட வேண்டும். பொத்துவிலில் நின்று திரும்பினாலும் அது யாத்திரையே. வீட்டில் நோயாளியான துணையைக் கைவிட்டு வருவதை முருகன் ஒருபோதும் கேட்கமாட்டான். பிள்ளைகள் தமது பயத்தைச் சொல்லலாம், ஆயத்தங்களுக்கு உதவலாம். ஆனால் பயத்தை விலங்காக்கிப் பெற்றோரின் காலில் பூட்டலாகாது. நாம் நடைபழகிய நாளில், விழுவோம் என்று தெரிந்தும் அவர்கள் எமது கையை விட்டார்கள் அல்லவா?