உடைக்கும் ஓர் அளவு

உண்ணும் உணவு ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துவிடுகிறது. உடுக்கும் ஆடையோ, துவைத்து மடித்து மீண்டும் மீண்டும் துய்க்கப்படுகிறது. முன்னதைப் போகம் என்றும் பின்னதை உபபோகம் என்றும் நம் அறநூலார் வகுத்தனர். இவ்விரண்டிற்கும் எல்லை வகுத்துக்கொள்வதே இல்லறத்தார்க்குரிய போகோபபோக பரிமாண விரதம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இவ்விரதத்தின்கீழ் உணவு, ஊர்தி, படுக்கை ஆகியவற்றோடு ஆடையையும் அணியையும் சேர்த்தே எண்ணுகிறது.

வெயிலும் பனியும் மாறி வரும் உலகில், ஊர்விட்டு ஊர் செல்லும் வாழ்வில், ஆடைக்கு எல்லை வகுப்பது இயலுமா என்று சிலர் வினவலாம். துறவியர்க்கு இவ்வினாவே எழுவதில்லை. திகம்பர முனிவர்க்கு ஆடையே இல்லை. ஐலகர்க்குக் கோவணம் ஒன்று. ஆர்யிகையர்க்கு வெண்சேலை ஒன்று. காரைக்குடிக்கு வடக்கே, சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் கண்டவர்க்கு அத்துறவின் கடுமை விளங்கும். இல்லறத்தாரிடம் அறம் அத்துணை எதிர்பார்ப்பதில்லை. அளவை மட்டுமே எதிர்பார்க்கிறது.

அந்த அளவை எதனைக்கொண்டு அறிவது? பருவத்தையும் இடத்தையும் கொண்டே அறியலாம். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையை எண்ணிப் பாருங்கள். அகன்ற கரையும் கட்டமும் கோடும் உடைய அப்பருத்திச் சேலை, வியர்வையை ஈர்த்து இந்நாட்டு வெப்பத்தைத் தாங்க உதவுவது. துவைக்கத் துவைக்க மென்மை பெறுவது. 2019ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் அதே சேலையொன்றை மட்டும் நம்பி, தை மாதத்தில் சம்மேத சிகரம் செல்லலாகாது. 1,365 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏறி, வலம் வந்து, இறங்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்கவேண்டும். விடியுமுன்பே புறப்படவும் வேண்டும். அங்கே கம்பளிச் சட்டையும் சால்வையும் தேவையே. குளிரில் நோயுற்று உடன்வந்தோர்க்குச் சுமையாவது தவம் ஆகாது.

குற்றம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. சென்ற பயணத்தின் கம்பளி பெட்டியில் இருக்க, அடுத்த பயணத்திற்கு வேறு நிறத்தில் மற்றொன்று வாங்குகிறோம். முதலாவதைக் கேட்டது குளிர். இரண்டாவதைக் கேட்டது பிறர் கண்.

பட்டின் நிலை இதனினும் கடுமையானது. நம் நாட்டின் எந்தப் பருவமும் பட்டைக் கேட்பதில்லை. அறுபடாத இழை வேண்டிக் கூட்டினுள் உறங்கும் புழுவைக் கொல்கின்றனர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் தேவைப்படுகின்றன. நீரை வடிகட்டிப் பருகி, இரவுணவு தவிர்க்கும் நம் இல்லங்களே திருமணத்தின்போது பட்டை வேண்டி நிற்பது பொருந்துமா? உறவினர் என்ன சொல்வர் என்ற அச்சமன்றி இதற்கு வேறு காரணம் உண்டா?

வாங்குவதைக் குறைத்தால் நெசவாளர் வாழ்வு என்னாவது என்பதும் நியாயமான கேள்வியே. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தியடிகளே, கைந்நூற்றுக் கைநெய்த துணியை வாங்குமாறு நாட்டை வேண்டியவர். விசைத்தறிச் சேலை நான்கு வாங்கும் பணத்தில் கைத்தறிப் பருத்தி ஒன்று வாங்கி, அது நைந்துபோகும்வரை உடுத்துவோமாயின், நெசவாளரும் வாழ்வர், அளவும் பிழைக்காது.

வாழ்நாள் முழுமைக்கும் விரதம் ஏற்க அஞ்சுவோர்க்கும் மேற்சொன்ன நூல் வழி காட்டுகிறது. ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஓர் இருது, ஓர் அயனம் எனக் காலவரையறையோடும் நியமம் ஏற்கலாம். ஓர் இருது என்பது இரண்டு திங்களே. வரும் பருவத்தின் முதல் நாளில் அலமாரியைத் திறந்து, அப்பருவத்திற்குப் போதுமான ஆடைகளை எண்ணி எடுத்து வையுங்கள். அப்பருவம் முடியும்வரை புதியது வாங்குவதில்லை என உறுதி கொள்ளுங்கள். எஞ்சியவற்றுள் நல்லனவற்றை இல்லாதார்க்கு அளியுங்கள். இதனைத் தாய்மார்கள் தம் இல்லத்தில் தொடங்கிவைப்பின், பிள்ளைகளுக்குத் தனியே பாடம் நடத்தவேண்டிய தேவை இராது.