பெரியம்மாவின் 14 வருடம்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கும் என் பெரியம்மா முன்பு தாதியாக இருந்தவர். மோட்டார் விபத்தில் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே பலம் போனதும் வேலையை விட்டுட்டார். 14 வருடம் ஆச்சு. "நைட் ஷிப்ட் மட்டும் இன்னும் நிக்கலடா" என்று சிரிப்பார்.

பிரிட்டனின் அரசாங்க ஓய்வூதியம் நம்ம இபிஎப் மாதிரி சேர்த்த பணம் இல்லை. தேசியக் காப்புறுதியில் எத்தனை வருடம் பதிவாகியிருக்கு என்பதுதான் கணக்கு. குறைந்தது 10 வருடம் வேண்டும்; முழுத் தொகைக்குப் பொதுவாக 35. சம்பளம் இல்லாத பெரியம்மாவுக்கு எப்படி வருடம் சேருது? அண்ணனுக்கு பிஐபி என்ற உதவித்தொகையில் அன்றாட வாழ்வுக்கான பகுதி கிடைக்குது. அப்படிப்பட்டவரை வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை உண்டு. அதோடு காப்புறுதி வருடமும் தானாகப் பதிவாகும்.

பிஐபிக்குப் புள்ளி போடுவாங்க. இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டுமா, 2. கீழுடை போட்டுவிட 2. சமைக்கவும் கழிப்பறைக்கும் துணைச்சாதனம் வேண்டும் என்றால் தலா 2. அண்ணனுக்கு மொத்தம் சரியாக 8, அது போதும். ஆனால் ஏதாவது ஒன்றிலேயே 4 புள்ளி இருக்கணும் என்றது 2025 மார்ச்சில் அரசாங்கம் முன்வைத்த திட்டம். அண்ணனுக்கு எதிலும் 4 கிடையாது. ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால், ஜூலையில் அதை எடுத்துட்டு மறுஆய்வு என்றார்கள்.

நான் சிவில் படிக்கிறேன். ஒரு தூணை எடுத்தால் பாரம் எங்கே போகும் என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே அண்ணனின் 8 புள்ளி போனால் பெரியம்மாவின் உதவித்தொகை போகும், தானாகச் சேர்ந்த வருடமும் நிற்கும். (வாரம் 20 மணி நேரம் பார்த்துக்கொள்பவர், மருத்துவத் துறையினர் ஒருவரின் சான்றோடு வருடத்துக்கு மட்டும் தனியாக விண்ணப்பிக்கலாம். இது பெரியம்மாவுக்கே தெரியாது, நான்தான் போனில் சொன்னேன்.)

"பெத்த பிள்ளையைப் பார்த்துக்கிறதுக்கு எதுக்குடா பென்ஷன்?" என்று கேட்டான் என் ரூம்மேட். நானும் அப்படி நினைச்சவன்தான். ஆனால் பெரியம்மா செய்யாவிட்டால் அதே வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கணும். அந்த ஆளுக்கு வருடமும் சேரும். பாசத்தோடு செய்தால் அது வேலை இல்லையா? அரசாங்கத்திடம் பணம் அளவாகத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். அதுக்காக ஒருவருடைய முதுமையை இன்னொருவர் உடம்புக்குப் போடும் மார்க்கோடு கட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படலை.

போன வாரம் அண்ணன் பேசினார். பிசியோ சொல்லிக்கொடுத்து, தானே பேண்ட் போடப் பழகுறாராம். முக்கால் மணி நேரம் ஆகுது, வியர்த்துக் கொட்டுது, ஆனால் முடியுது. சந்தோஷமாகச் சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்தினார்.

"தம்பி, அடுத்த மதிப்பீட்டுல இதைச் சொன்னா 2 புள்ளி குறைஞ்சிடுமோ? அம்மா கணக்கு என்னாகும்?"

மறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை. சொல்லுங்கண்ணே என்றும் வரலை.