காப்பும் களைதலும்

கொலு பொம்மைக்குக் கண் எழுதியதும் வேலை முடிந்தது என்று தோன்றும். அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. எழுதிய கண்ணும் புருவமும் உதட்டுச் சிவப்பும் கை பட்டுத் தேயாமல், ஈரம் பட்டுக் கரையாமல் இருக்க, அவற்றின் மேல் நிறமில்லாத மெல்லிய படலம் ஒன்றைப் பூசுகிறார்கள். வார்னிஷ், லேக்கர், மெருகு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கண்ணுக்கே தெரியாத இந்தப் பூச்சு ஒரு பழைய சமயக் கேள்வியைத் தொடுகிறது. கும்பிடும் முகம் மாறாமல் நிலைத்திருக்க வேண்டுமா, அல்லது காலந்தோறும் ஒரு கை அதைப் புதுப்பிக்க வேண்டுமா? எந்த வார்னிஷை எடுப்பது என்று முடிவு செய்யும்போதே இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்லியாகிவிடுகிறது.

முதலில் பொருளின் குணம். சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியே விடும். அதனால் பொம்மையை எல்லாப் பக்கமும் அடைத்துப் பூசுவது தவறு. அடிப்பாகத்தைப் பூசாமல் விட வேண்டும். விடாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் மண்ணிலுள்ள உப்பைக் கூட்டிக்கொண்டு முகத்தின் வழியாக வெளியேறப் பார்க்கும். வண்ணம் செதில் செதிலாக உரியும். அடுத்தது வண்ணத்தின் குணம். பழைய பொம்மைகளில் பொடி வண்ணத்தைப் பிசினில் குழைத்துத் தீட்டியிருப்பார்கள். பிசின் தண்ணீரில் கரையும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் இழுத்தால் புருவத்து மை கன்னத்துக்கு வந்துவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பொம்மையின் பின்கழுத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் தூரிகையை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் சேராத வார்னிஷைத் தூரத்திலிருந்து தூவலாகத் தெளிப்பதே வழி.

ஆளி விதை எண்ணெயில் செய்த வார்னிஷ் பூசிய அன்று கண்ணைப் பறிக்கும். ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகும். வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் அந்த மஞ்சள் வேகமாக ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொலு பொம்மையோ ஆண்டில் ஏறக்குறைய பதினொரு மாதமும் பரணில், டிரங்குப் பெட்டிக்குள் இருப்பது. இப்படி உறங்கி எழுந்த நீலக் கண்ணனின் முகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். நீலத்தின் மேல் மஞ்சள் படர்ந்து பாசிப் பச்சையாக நிற்கும். கண்ணின் வெள்ளை காமாலை கண்டதுபோல் இருக்கும். வண்ணத்தைக் காக்கப் பூசியதே வண்ணத்தைத் திரித்துவிட்டது. அக்ரிலிக் பூச்சு அவ்வளவு மஞ்சளாவதில்லை. ஆனால் கோடை வெப்பத்தில் அது இளகும். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் அச்செழுத்தோடு தாளும் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றும் வழக்கம் இந்த வகையில் நல்ல வழக்கம்.

காலமும் பார்க்க வேண்டும். நவராத்திரி நெருங்கும்போதுதான் பொம்மை வேலை சூடுபிடிக்கும். மழைக்காற்றும் அப்போதுதான் வரும். லேக்கரில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து வெண்படலமாகத் தங்கிவிடுகிறது. வெயில் ஏறிய, காற்று உலர்ந்த வேளையில் ஏறத்தாழ ஒரு அடி தள்ளி நின்று, இரண்டு மூன்று தடவை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். ஒரு பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே அடுத்தது. ஒரே தடவையில் கனமாக அடித்தால் மூக்கின் இரு ஓரத்திலும் இமை மடிப்பிலும் வார்னிஷ் தேங்கிவிடும். தூரிகை எழுதிய இழை போன்ற கோடு அதற்குள் மூழ்கும். தோலுக்கு மங்கலான மேட் பூச்சு பொருந்தும். அதையும் அளவு மீறி ஏற்றக் கூடாது. மங்கல் தருவதற்காக அதில் கலந்திருக்கும் நுண்தூள் கறுப்பின் மேல் சாம்பல் படிந்ததுபோல் தெரியும். கருவிழியில் மட்டும் எல்லாம் உலர்ந்த பிறகு பளபளப்பு வார்னிஷை ஒரு சொட்டு வைத்தால், அங்கே வெளிச்சம் தங்கும். அதுவரை எங்கோ பார்த்த முகம் அந்த ஒரு சொட்டில் எதிரே நிற்பவரைப் பார்க்கத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, பூசியதைப் பிறகு எடுக்க முடியுமா என்பது. டம்மர் பிசினை டர்பன்டைனில் கரைத்துச் செய்த வார்னிஷ் அதே டர்பன்டைனில் திரும்பக் கரையும். பாலியூரித்தேன், எப்பாக்சி போன்றவை இறுகினால் இறுகியவைதான். எடுக்கப் போனால் முகமும் சேர்ந்து வரும். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பராமரிப்பவர்கள், இன்று பூசியதை நாளை வருபவர் பழுதில்லாமல் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை அடிப்படை நெறியாகவே வைத்திருக்கிறார்கள். இன்றைய கை செய்ததே முடிந்த முடிவு என்று எண்ணாத அடக்கம் அதில் இருக்கிறது.

தமிழில் ‘காப்பு’ என்ற சொல்லுக்குள் இந்த அடக்கம் முன்பே இருக்கிறது. கோயிலில் காப்பு என்பது திருமேனியின் மேல் சாத்துவது: சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு, தைலக்காப்பு. சாத்துவது போலவே களைவதும் வழிபாட்டின் பகுதி. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்பைக் களையும்போதுதான் பச்சைத் திருமேனி காணக் கிடைக்கிறது; பிறகு புதுச் சந்தனம். ஒரே காப்பு என்றென்றைக்கும் இருக்கும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. காப்பது என்பது ஆண்டுதோறும் திரும்பச் செய்யும் வேலை.

திருவரங்கத்துப் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. சுதைக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் திருமஞ்சனம் உற்சவரான நம்பெருமாளுக்குத்தான், மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனியில் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலம் சாத்திய பின், அது உலரும் வரை 48 நாள் திருவடி சேவை கிடையாது. பொம்மையின் ஒரு பூச்சு உலரக் காத்திருப்பதும் இதுவும் அளவில் வெவ்வேறு, இயல்பில் ஒன்று. வைணவம் இதற்கு ஒரு தத்துவ விளக்கமும் வைத்திருக்கிறது. இறைவனின் ஐந்து நிலைகளில், வழிபடும் திருமேனியாக நிற்கும் அர்ச்சையே எளிமையின் எல்லை. நீராட்டவும் அமுது படைக்கவும் உறங்கவைக்கவும் அடியவரின் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை அது. பிள்ளை லோகாசாரியர் முதலான ஆசாரியர்கள் இந்தச் சார்ந்திருத்தலைக் குறையாகப் பார்க்கவில்லை, குணமாகவே போற்றினார்கள். அப்படிப் பார்த்தால் சிதையக்கூடிய திருமேனி கைங்கரியத்துக்கு வாசல் திறந்து வைக்கிறது. ஒருபோதும் அழியாத பூச்சு ஒன்று கிடைத்துவிட்டால் அந்த வாசல் அடைபடும்.

பூரியில் இந்த எண்ணம் இன்னும் துணிவாகச் செயல்படுகிறது. ஜகந்நாதரும் பலபத்திரரும் சுபத்திரையும் வேப்பமரத் திருமேனிகள். சங்கின் வெள்ளை, இங்குலிகச் சிவப்பு, அரிதார மஞ்சள், விளக்குப் புகைக் கறுப்பு ஆகியவையே ஒடிசா ஓவிய மரபின் வண்ணங்கள்; அவற்றைப் பிடித்து நிறுத்துவது விளாம்பிசின். தண்ணீரில் நிற்காத முகம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஜேஷ்ட பௌர்ணமியன்று 108 குடம் நீர் ஊற்றுகிறார்கள். வண்ணம் கரைகிறது. சாமிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று சொல்லி ஏறக்குறைய இரண்டு வாரம் திரைக்குப் பின்னால் வைத்து மருந்து கொடுக்கிறார்கள். அந்த நாட்களில் துணியில் தீட்டிய பட்டச் சித்திரங்களே கும்பிடக் கிடைக்கும். பிறகு சேவகர்கள் முகம் எழுத, புது இளமையோடு தேரேறுகிறார். மரமே மாறும் நவகளேபரமும் உண்டு. கடைசியாக 2015-இல் நடந்தது. முகத்தை அழியாமல் காக்க வழி தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். அழிந்து மீள்வதையே திருவிழாவாக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்போலத் தோன்றுவது, மண் சிலை செய்பவர்கள் வாழும் கொல்கத்தாவின் குமார்துலி. அங்கே துர்க்கையின் மண் முகத்தின் மேல், ‘வியர்வை எண்ணெய்’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு மெருகெண்ணெயைப் பூசுகிறார்கள். வேர்த்த முகம்போல மினுமினுப்பு வரும். சில நாளில் விஜயதசமியன்று அந்த முகம் ஹூக்ளி ஆற்றில் இறங்கிவிடும். ஆற்றில் கரையப் போவதற்கு மெருகு எதற்கு என்று கேட்கலாம். மெருகு அங்கே காலத்தை எதிர்த்து நிற்பதற்காக இல்லை. அந்தச் சில நாளில் முகம் உயிரோடு இருப்பதற்காக. எத்தனை நாள் நிலைக்கும் என்பதை மட்டும் பார்த்து ஒரு பூச்சை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முகம் எழுதி எழுதி மாறினால், அது அதே பொம்மைதானா என்ற ஐயம் மிஞ்சுகிறது. இந்தியத் தருக்கவாதிகள் மண் பாத்திரத்தை வைத்தே இதை விவாதித்திருக்கிறார்கள். பச்சை மண்குடம் சூளையில் வெந்து சிவக்கிறது. வைசேடிகர், பழைய குடம் அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, வேறொரு குடமாகச் சேர்கிறது என்றார்கள். நையாயிகர், குடம் குடமாகவே இருக்க நிறம் மட்டும் மாறுகிறது என்றார்கள். கண் முன்னே அதே குடம் என்று அடையாளம் தெரிகிறதே என்பது அவர்கள் வாதம். பொம்மை விஷயத்தில் நையாயிகர் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. பாட்டி வைத்த கிருஷ்ணன் என்று பேத்தி அடையாளம் சொல்வது மேலே இருக்கும் வார்னிஷை வைத்து அல்லவே.

கொலு பொம்மை கோயில் மூர்த்தி அல்ல. அதற்கு ஆகம விதி இல்லை. கலசத்தில் அம்பாளை ஆவாகனம் செய்வார்கள். படியில் தசாவதாரத்தோடு செட்டியார் பொம்மையும் உட்கார்ந்திருக்கும். எனவே தீர்ப்பு வீட்டாருடையது. மரப்பாச்சிக்குப் பூச்சு தேவையில்லை, செம்மரமே போதும். மண் பொம்மையானால் எடுக்கக்கூடிய வார்னிஷ், மெல்லிய பூச்சு, திறந்த அடிப்பாகம் என்பதே பொருத்தமானது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைச் சம்பிரதாயமாகப் படுக்க வைத்து, மறுநாள் துணியில் சுற்றி எடுத்து வைக்கும்போது, பூசாமல் விட்ட அந்த அடிப்பாகத்தில் எந்த ஆண்டு, எந்த வார்னிஷ், எதில் கரையும் என்று பென்சிலால் எழுதி வைக்கலாம். அடுத்து முகம் எழுதப் போகிறவருக்கு அது தேவைப்படும்.